பெரிய ஃபைல் திறந்தும் மூடிக்கொள்ளவில்லை!

வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுப்பது என் தொழில். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும் சமயம் பார்த்து, என் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. போட்டோஷாப்போடு பிரவுசரையும் திறந்தால் போதும். மெமரி குறைவு என்று ஒரு பெட்டி வரும். சேமிக்காத வேலையோடு எல்லாம் மூடிக்கொள்ளும். ரிப்பேர் கடையில், "4 ஜிபி ரேமை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். 35,000 ரூபாய்! ஒரு பத்திரிகைக்கு நான் வாங்குவதே 300 ரூபாய்தான்.

எதிர்வீட்டு பாலிடெக்னிக் தம்பி வந்து பார்த்தான். "அக்கா, இதுல விர்ச்சுவல் மெமரியையே ஆஃப் பண்ணி வச்சிருக்காங்களே!" என்றான்.

ரேம் என்பது சமையல் மேடை மாதிரி. மேடையில் இடம் போதாதபோது, உடனே தேவைப்படாத பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைப்போமே, அந்தத் தரைதான் விர்ச்சுவல் மெமரி. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதியை விண்டோஸ் இதற்காக எடுத்துக்கொள்கிறது. குனிந்து எடுக்க நேரமாகும். ஆனால், எதுவும் கீழே கொட்டாது. போன வருஷம் ஃபார்மேட் செய்தவர்கள், சி டிரைவில் இடம் மிச்சம் பிடிக்கவோ என்னவோ, 'நோ பேஜிங் ஃபைல்' என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல சிக்கனம்!

ஸ்டார்ட் மெனுவில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடி, 'பர்ஃபார்மன்ஸ்' பகுதியில் செட்டிங்ஸைத் திறந்தால், 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் விர்ச்சுவல் மெமரி இருக்கிறது. சி டிரைவ் நிரம்பியிருந்ததால், காலியாகக் கிடந்த டி டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'சிஸ்டம் மேனேஜ்டு சைஸ்' கொடுத்து, மறக்காமல் 'செட்' பட்டனை அழுத்தினோம். ரேமைப் போல ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். அளவை விண்டோஸிடமே விட்டுவிடுவது நல்லது என்பது என் கட்சி.

பக்கத்திலேயே 'விஷுவல் எஃபெக்ட்ஸ்'. அதில் 'பெஸ்ட் பர்ஃபார்மன்ஸ்' கொடுத்தால் நிழல், அசைவு, அலங்காரம் எல்லாம் போய்விடும். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால், எழுத்துகளும் பல்லுப்பல்லாகத் தெரிந்தன. மணமகள் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? அதனால் எழுத்தின் ஓரங்களை மென்மையாக்கும் 'ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்க்ரீன் ஃபான்ட்ஸ்', படங்களைச் சின்னதாகக் காட்டும் 'தம்ப்நெயில்ஸ்' இரண்டுக்கு மட்டும் மறுபடி டிக் அடித்தேன்.

ரீஸ்டார்ட் செய்தோம். வேகம் ஒன்றும் பறக்கவில்லை. பெரிய ஃபைல் திறக்கும்போது, ஒரு வாய் காபி குடிக்கலாம். ஆனால், அதன்பிறகு ஒருமுறைகூடத் தானாக மூடிக்கொள்ளவில்லை. சீட்டுப் பணம் வந்ததும் இன்னொரு 4 ஜிபி ரேம் மட்டும் போடச் சொல்லியிருக்கிறான் தம்பி.