ஐந்தில் இரண்டு

காஞ்சிரங்குளத்தில் எங்கள் தெருவில் நடந்த குலுக்கல் சீட்டில் 20 பேர். ஆளுக்கு மாதம் 5,000. குடத்திலிருந்து எடுக்கும் நறுக்கில் பெயர் விழுந்தவருக்கு ஒரு லட்சம். விழுந்தவர் பெயரை மறுபடி குடத்தில் போடுவதில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் டியூஷன் எடுக்கும் நிகழ்தகவுக் கணக்கேதான். புத்தகத்தில் பையும் சிவப்புப் பந்தும், இங்கே எவர்சில்வர் குடமும் மடித்த காகிதமும்.

15 மாதம் கழிந்து ஐந்து பெயர் மிச்சம். அதில் ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுடையது. மகளின் நர்சிங் படிப்புக்கு இரண்டு மாதத்துக்குள் பணம் கட்ட வேண்டும்.

“சாரே, இந்த ரெண்டு நறுக்குலயாவது எனக்கு விழுமா?”

விடை எனக்குத் தெரியும். முதல் மாதம் விழாமல் போக ஐந்தில் நான்கு. பிறகு குடத்தில் நாலு பெயர்தான். அப்போதும் விழாமல் போக நான்கில் மூன்று. பெருக்கினால் ஐந்தில் மூன்று. ஆக, விழுவதற்கு ஐந்தில் இரண்டு, 40 சதவீதம்.

“20 பேர் சீட்டுல்லா அக்கா, ரெண்டு மாசத்துக்கு இருபதில் ரெண்டு. பத்தில் ஒரு சான்ஸ். லாட்டரி மாதிரிதான்” என்றேன்.

எடுத்த 15 பெயரையும் வாயாலேயே குடத்துக்குள் திரும்பப் போட்டேன். சீட்டு தொடங்கிய அன்று கேட்டிருந்தால் அது சரியான விடை. அதனால்தான் கூசாமல் சொல்ல முடிந்தது. லாட்டரி மாதிரி என்றதும் பொய். 1967-இல் கேரள அரசு தொடங்கிய லாட்டரியில் நேற்று விழாதவனுக்கு இன்று வாய்ப்பு கூடுவதில்லை. சீட்டில் ஒவ்வொரு மாதமும் கூடும்.

எனக்குச் சீட்டில் அக்காவின் இடம் வேண்டியிருந்தது. அவர் கட்டிய 75,000-க்கு 68,000 கொடுத்து வாங்கினேன். மீதி ஐந்து தவணை 25,000. எந்த மாதம் விழுந்தாலும் 7,000 லாபம். கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் ஏலச் சீட்டாக இருந்தால் அவசரக்காரர் ஏலத்தில் தள்ளுபடி கேட்டு முன்னாலேயே எடுத்திருக்கலாம். எங்கள் தெருச் சீட்டில் அந்த வழி இல்லை. கணக்குக் கேட்க நான்தான் இருந்தேன்.

அடுத்த இரண்டு மாதமும் அந்தப் பெயர் விழவில்லை, நாலாம் மாதம்தான் விழுந்தது. “சார் சொன்னது சரியாப் போச்சு” என்று அக்கா தெருவெல்லாம் சொன்னார். விழாமலிருக்க 60 சதவீதம் இருந்ததே, அதுதான் நடந்தது. என் பொய்யில் அதற்குப் பங்கில்லை. இப்போது மகனையும் என்னிடம் டியூஷனுக்கு அனுப்புகிறார்.

அந்த 7,000-ஐ இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் எதற்கென்று கேட்பார்.