பாதி ஓட்டை

பெசன்ட் நகர் கடற்கரை. ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குச் சற்றுத் தள்ளி, அலை வந்து திரும்பும் ஈர மணலில் ஒரு சிறுமி குந்தியிருக்கிறாள். மேலே காய்ந்த மணலில் அவளுடைய ஆயா. மடியில் ஊசியும் நைலான் நூலும்.

சிறுமி பொறுக்குவது பொத்தான் நத்தையின் ஓடு. ஒரு சென்டிமீட்டர் தேறினால் அதிகம். தட்டை, வழுவழுப்பு, சட்டையில் தைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சாம்பல், பழுப்பு, இளஞ்சிவப்பு. கோடு, புள்ளி, நெளி. கை நிறைய அள்ளினாலும் ஒன்றைப் போல் இன்னொன்று கிடைப்பது அபூர்வம். இத்தனை வேஷமும் ஒரே இனத்துக்கு. 1758-இலேயே லின்னேயஸ் பெயர் சூட்டிவிட்டார்.

அலை இறங்குகிறது. வெளியே கிடந்த உயிருள்ளவை பாதத்தை நீட்டி, ஓட்டை ஓர் ஆட்டு ஆட்டி, மணலுக்குள் போய்விடுகின்றன. இவற்றின் உறவுக்கார நத்தைகள் பாறையில் பாசி சுரண்டிப் பிழைப்பவை. இதற்கு அந்தப் பாடில்லை. மணலுக்குள் இருந்தபடியே தண்ணீரை இழுத்து, செவுளில் சிக்கும் நுண்துகளைத் தின்கிறது.

சிறுமி எல்லாவற்றையும் எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறாள். துளை தெரிந்தால் பாவாடை மடிப்பில், இல்லாவிட்டால் கடலில். சுத்த வட்டமான துளை, வெளியே அகன்று உள்ளே குறுகியது. நிலா நத்தையின் வேலை. மணலடியில் உழுதுகொண்டே வந்து, இரையைத் தன் பெரிய பாதத்தால் போர்த்திப் பிடிக்கும். அமிலம் கசியவிட்டு ஓட்டை இளக்கும். பல் வரிசை கொண்ட நாக்கால் சுரண்டும். மறுபடி அமிலம், மறுபடி சுரண்டல். மணிக்கணக்கில் நடக்கிற காரியம். துளை விழுந்ததும் வாயை நீட்டி உள்ளே விட்டுச் சதையைத் தின்றுவிட்டு நகர்ந்துவிடும்.

ஆக, ஆயாவின் மாலைக்கு ஓட்டை போடும் வேலை கடலுக்கடியிலேயே முடிந்துவிடுகிறது. கூலி, ஒரு வேளைச் சாப்பாடு.

"ஆயா, இதுல பாதி ஓட்டதான் கீது."

தொடங்கி, ஏனோ விட்டுப்போன ஒரு சின்னக் குழி. சிறுமி ஓட்டைத் திருப்புகிறாள். வாயிலிருந்த மெல்லிய வட்ட மூடி சட்டென்று உள்ளே போய்விடுகிறது.

"உள்ள உயிரோட கீது!"

"அப்ப வுட்டுடு. செத்ததா பாத்து எடு."

கீழே போட்டாள். அடுத்த அலை வருவதற்குள் அது பாதி புதைந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, அடுத்ததைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ரோசு கலரு இன்னும் நாலு வேணும்டி," என்கிறாள் ஆயா, நூலைப் பல்லால் கடித்தபடி.