உண்டியலும் உல்லாசப் பிரயாணமும்

பிரயாணத்தில் விருப்பமில்லாத மாணவனைக் காண்பது அரிது. பரீட்சை முடிந்த மாலையிலேயே, "எங்கே போகலாம்?" என்னும் கேள்வி விடுதியின் ஒவ்வோர் அறையிலும் எழுந்துவிடுகிறது. அதற்கு விடை கூறுவோர் பலர், "எவ்வளவு பொருளில் போகலாம்?" என்று கேட்போர் மிகச் சிலர். இவ்விரண்டாம் கேள்வியை முதலாவதாகக் கேட்க வேண்டும் என்பதை நான் ஒரு சிநேகிதனிடத்திலிருந்து கற்றேன். அவன் எனக்கு அதைச் சொல்லிக் கற்பிக்கவில்லை, சொல்லாமலிருந்தே கற்பித்தான். அந்த அநுபவத்தை நம் சஞ்சிகையின் வாயிலாகச் சகோதர மாணவர்க்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். அதில் எனக்குப் பெருமை தரும் பகுதி சிறிது; வெட்கந் தரும் பகுதியே முன்னே நிற்கிறது.

2018ஆம் வருஷம் அக்டோபர் மாதம், ஒரே தாழ்வாரத்தில் வசித்த நாங்கள் அறுவர் கோடைக்கானலுக்குச் செல்வதெனத் தீர்மானித்தோம். தீர்மானித்தோம் என்பதினும் நான் தீர்மானித்தேன் என்பதே பொருந்தும். வாடகை வண்டி, விடுதி அறை, உணவு யாவுங் கூட்டித் தலைக்கு 2,800 ரூபாய் எனக் கணக்கிட்டுத் தாளொன்றில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். நால்வர் மறுநாளே பணம் தந்தனர். ஐந்தாமவன் இரண்டு நாள் ஒன்றும் பேசாதிருந்து, பின்பு, "அப்பத்தாவுக்கு உடல்நலமில்லையாம், நான் ஊருக்குப் போக வேண்டும்," என்றான். அவன் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூரைச் சேர்ந்தவன். தந்தையார் பிறர் நிலத்தில் பயிரிடுபவர். "ஐயோ, நல்ல சந்தர்ப்பத்தை இழக்கிறாயே!" என்று கூறிவிட்டு, அவன் பங்கை எஞ்சிய ஐவருக்கும் பிரித்துக் கணக்கைத் திருத்தினேன். அவ்வளவே என் சிந்தனை சென்ற தூரம்.

மூன்று நாளில் ஏரி, தூண் பாறை, கோக்கர்ஸ் நடைபாதை, நீர்வீழ்ச்சி என்று ஒன்றையும் விடாமல் ஓடினோம். வண்டியினின்று இறங்குவதும், படம் எடுப்பதும், மறுபடி ஏறுவதுமே எங்கள் தொழிலாயிற்று. ஒரு பாறையின் மீதாவது கால்மணி நேரம் சும்மா அமர்ந்திருந்ததாக எனக்கு நினைவில்லை.

திரும்பி வந்த இரவு விடுதி வாயிலில் காவற்காரர் என் பெட்டியை வாங்கி வைத்தார். "உங்கள் சிநேகிதரையும் அழைத்துப் போயிருக்கலாமே, தம்பி! மூன்று நாளும் அறையிலேயே இருந்தார். சமையற்கூடமும் பூட்டிக் கிடந்தது, கடையில் ரொட்டி வாங்கித் தின்றார்," என்றார். நான் மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். மறுநாட் காலையில் அவன் என் அறைக்கு வந்து, "பிரயாணம் எப்படி?" என்று முகமலர்ச்சியோடு கேட்டான். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் படங்களைக் காட்டினேன். அவன் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்து, "மிக நன்றாயிருக்கிறது," என்றான். அந்த வார்த்தை அன்று என்னைச் சுட்டதுபோல் எந்தக் கடிந்துரையும் பின்னர் என்னைச் சுட்டதில்லை.

அவனுக்கு யாராவது பணம் கொடுத்து உதவியிருக்கலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால், கடனாகவோ தானமாகவோ பெற்ற பணத்தில் வருபவன் பிரயாணம் முழுவதும் கடனாளியாகவே வருவான். வண்டியில் சாளரத்தின் ஓரத்தில் உட்காரவும் அவன் மனம் துணியாது. குற்றம் அவன் பையில் இல்லை, என் கணக்கில் இருந்தது. ஊரை முதலில் நிச்சயித்துப் பணத்தைப் பின்னர்த் தேடினேன். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னதை, என் விரலுக்குத் தக்க வீக்கம் என்று கொண்டதே என் பிழை.

அடுத்த வருஷம் ஜூலை மாதத்தில் சந்தையில் ஒரு மண் உண்டியல் வாங்கி வந்தேன். ஐவரையும் அழைத்து நான்கு விதிகள் சொன்னேன். சனிக்கிழமைதோறும் அவரவர் இயன்றதை இதில் இட வேண்டும். ஒருவன் இடும்போது மற்றவர் பாராதிருக்க வேண்டும். ஒரு வாரம் இட ஒன்றும் இல்லையாயினும், வெறுங்கையையாவது உண்டியலின் வாயில் வைத்து எடுக்க வேண்டும். உண்டியலை உடைக்கும்வரை எந்த ஊரின் பெயரையும் எவனும் எடுக்கலாகாது. சிநேகிதர் சிரித்தனர், ஆயினும் இணங்கினர். எட்டுச் சனிக்கிழமைகள் கழிந்தன. செப்டம்பர் 7ஆம் நாள் இரவு உண்டியலை உடைத்தோம். நோட்டும் நாணயமுமாக 1,874 ரூபாய் தரையில் சிதறிற்று. அதில் எது எவனுடையது என்பதை யாரும் அறியார். அறிய விரும்பவும் இல்லை.

அப்பொழுதுதான், "இப்பொருளுக்குள் அடங்கும் ஊர் எது?" என்று கேட்டோம். இரவு தங்கினால் அறை வாடகையே பணத்தை விழுங்கிவிடும். ஆதலின் ஒரே பகலில் சென்று மீள வேண்டும். வாடகை வண்டி ஆகாது. சாதாரண இரயிலே கதி. பல இடங்களுக்கு ஓடவும் ஆகாது; ஒன்றிரண்டையே நன்றாகப் பார்க்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளுக்கும் பொருந்தி நின்றது, மதுரையிலிருந்து இராமேசுவரஞ் செல்லும் பாசஞ்சர் வண்டி. கட்டணம் அக்காலத்தில் 35 ரூபாய். பிரயாணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து தனுஷ்கோடிக்கு அரசுப் பேருந்து உண்டு.

தனுஷ்கோடி என்றவுடன், ஒருகாலும் முந்திப் பேசாத என் சிநேகிதன் வாய் திறந்தான். "என் அப்பத்தா பிறந்தது பாம்பனில். சிறு பிராயத்தில் கப்பல் பார்க்கத் தனுஷ்கோடிக்குப் போவார்களாம்," என்றான். முந்திய வருஷம் அவனுக்குச் சாக்காக உதவிய அப்பத்தா, இவ்வருஷம் எங்களுக்கு ஆசிரியை ஆனார். அந்த வாரம் முழுவதும் அவன் தொலைபேசியில் அவரிடம் கேட்டறிந்து வந்து எங்களுக்குச் சொன்னான். நாங்கள் நூல்நிலையத்தில் தேடிப் படித்தவற்றை அதனோடு சேர்த்துக்கொண்டோம். 1914ஆம் வருஷம் பாம்பன் கடற்பாலம் திறக்கப்பட்ட பின்னர், சென்னையில் ஏறியவர் இரயிலில் தனுஷ்கோடி வந்து, அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி இரயிலில் கொழும்பு சேர்வர். அத்துறைமுக நகரை 1964ஆம் வருஷம் டிசம்பர் 22ஆம் நாள் இரவு பெரும் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டியைக் கடலலை பிரயாணிகளோடு வாரிக்கொண்டது. இவற்றை முன்னரே அறிந்து செல்வதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆயினும் எங்கள் பிரயாணத்தின் மதிப்பைப் பதின்மடங்கு உயர்த்தியது இதுவே.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். அந்த மாதம் 28ஆம் நாள் மகாளய அமாவாசை. அன்று இராமேசுவரத்தில் நீராட வருவோர் கூட்டம் நெருக்கும். எனவே 14ஆம் நாள் சனிக்கிழமையைத் தேர்ந்தோம். சமையற்கூடத்து அண்ணனிடம் அரிசி, புளி, நல்லெண்ணெய் முதலியவற்றை வாங்கிக் கொடுத்தோம். அவர் விடியுமுன் எழுந்து, மிளகாய்ப் பொடி தடவிய இட்டலியும் புளியோதரையும் வாழையிலையில் பொதிந்து தந்தார். தயிர்ச்சோறு வெயிலில் புளித்துவிடும் என்று அவரே தடுத்துவிட்டார். பணப்பை ஒருவனிடமே இருக்க வேண்டும், வழியில் எவனும் தன் பையைத் திறக்கலாகாது என்றும் ஏற்பாடு செய்தோம். அந்தப் பையை எங்களுள் காசின் அருமையை நன்கறிந்த அச்சிநேகிதனிடமே ஒப்புவித்தோம்.

மானாமதுரையும் பரமக்குடியும் இராமநாதபுரமும் கடந்து, மண்டபம் தாண்டியதும் வண்டி நடைவேகத்திற்குத் தணிந்தது. இருபுறமும் கைப்பிடிச் சுவரில்லாத இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலம். கீழே குனிந்தால் தண்டவாளம் கண்ணிற் படவில்லை, கடலே தெரிந்தது. கப்பலுக்கு வழிவிடும்பொருட்டு இருபாலும் மேலெழும் இரும்புக் கதவுகளின்மேல் சக்கரம் உருண்டபோது எங்கள் பெட்டியில் இருந்த அனைவரும், முதியோரும் சிறுவரும், பேச்சை நிறுத்தினர். சாளரத்தின் ஓரத்தில் என் சிநேகிதன் உட்கார்ந்திருந்தான்.

தனுஷ்கோடியில் வடபுறக் கடல் குளத்து நீர்போல் அடங்கியிருந்தது. தென்புறக் கடல் ஓயாது குமுறிற்று. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அவ்வூர் வலைஞர் வழங்குவர். இரண்டிற்கும் நடுவே ஒடுங்கிச் செல்லும் மணல்திட்டின் முடிவு அரிச்சல்முனை. அதற்கப்பால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார். நாங்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லையாதலால் அங்கே வெகுநேரம் இருந்தோம். புளியோதரையை உண்டு, வலைஞர் குடிசையொன்றில் பொரித்துக் கொடுத்த மீனையும் உண்டோம். பின்பு இடிந்த இரயில் நிலையத்தின் எச்சங்களைப் பார்த்து, கூரையற்ற மாதா கோவிலின் முன் வந்து நின்றோம். பவளப்பாறைக் கற்களால் எழுப்பிய அதன் சுவர்களை உப்புக்காற்று அரித்திருந்தது.

சிநேகிதன் தன் தொலைபேசியை எடுத்து அப்பத்தாவை அழைத்தான். அவர் கேட்டது ஒன்றே: "கோவில் சுவர் நிற்கிறதா, ஐயா?"

"நிற்கிறது அப்பத்தா. கூரைதான் இல்லை," என்றான்.

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பின்பு, "வெயிலில் நிற்காதே, சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.

மாலையில் இராமேசுவரந் திரும்பி, கோயிலின் நெடிய பிராகாரத்தில் உலவினோம். பின்பு, மறைந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் பழைய இல்லத்திற்குச் சென்றோம். அவர் சென்னையில் பொறியியல் கற்கச் சேர்ந்தபோது, தமக்கையார் தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணங் கொடுத்ததை அவரே தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். அதனை ஒருவன் எடுத்துச் சொன்னபோது என் சிநேகிதன், "எனக்காக எங்கள் வீட்டில் இரண்டு ஆடுகளை விற்றார்கள்," என்றான். தன் வீட்டு நிலைமையை அவன் எங்களிடம் கூறியது அதுவே முதல் முறை. அதைச் சொல்லும்போது அவன் தலை குனியவில்லை.

இரவு வண்டியில் மற்றவர் உறங்கிய பின் அவன் மெல்ல, "போன வருஷம் நான் ஊருக்குப் போகவில்லை," என்றான்.

"தெரியும்," என்றேன்.

அதற்குமேல் நாங்கள் பேசவில்லை. பேச வேண்டியதும் இருக்கவில்லை.

கணக்கையும் கூறிவிடுகிறேன். அறுவருக்கும் இரயிற் கட்டணம் 420 ரூபாய், தனுஷ்கோடிப் பேருந்து 360, விடுதிக்கும் மதுரைச் சந்திப்புக்கும் பேருந்து 120, உணவுப் பண்டங்கள் 300, மீன் 240, தேநீர் முதலிய சில்லறைச் செலவு 210. ஆக 1,650 ரூபாய். தலைக்கு 275. எஞ்சிய 224 ரூபாயைச் சிநேகிதன் ஒரு காசும் குறையாமல் மேசைமேல் எண்ணி வைத்தான். அதைக்கொண்டு புதிய உண்டியல் ஒன்று வாங்கி, மீதியை அதனுள் இட்டு, கீழ்வகுப்பு மாணவரிடம் கொடுத்தோம்.

இது நிகழ்ந்து ஆண்டுகள் பல ஆயின. நாங்கள் கடந்த பழைய பாலத்தில் 2022ஆம் வருஷம் டிசம்பரில் இரயிற் போக்குவரத்து நிறுத்தப்பட்டது; அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025ஆம் வருஷம் ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆகவே என் கணக்கை அப்படியே பின்பற்ற எவராலும் இயலாது. பின்பற்ற வேண்டுவதும் இல்லை. கட்டணங்கள் மாறும், முறை மாறாது. பையை முதலிலும் ஊரைப் பின்னரும் பாருங்கள். ஓரிடத்தைத் தேர்ந்து அதைப் பற்றி முன்னரே கற்றுச் செல்லுங்கள். கூட்டமில்லாத நாளைக் குறியுங்கள், கட்டுச்சோற்றை இகழாதீர்கள். எல்லாவற்றினும் மேலாக, உங்கள் கூட்டத்தில் மிக மெலிந்த பை எவனுடையதோ அவனுடைய பைக்கே பிரயாணத்தை அளந்து வெட்டுங்கள். ஆயின் அது அவன் பையென்று அவனும் பிறரும் உணராதிருக்கட்டும்.

கோடைக்கானலில் எடுத்த படங்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. தனுஷ்கோடிக்குச் சென்ற அறுவரும் இன்று வெவ்வேறு ஊர்களில் இருக்கிறோம். செப்டம்பர் 14ஆம் நாள் வந்தால் ஒருவரையொருவர் அழைத்துப் பேசத் தவறுவதில்லை. பேச்சு எங்கே தொடங்கினும், "சுவர் நிற்கிறதா?" என்று யாராவது ஒருவன் கேட்பான். "நிற்கிறது," என்று மற்றவர் விடை கூறுவோம்.