எல்லாம் மாட்டிய பிறகு மிஞ்சும் இடம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலம் போகிறவர்கள் பஸ் இறங்கும் கூட்டேரிப்பட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள், இ-சேவை மையம் நடத்துகிறவர்கள், கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற ஸ்டுடியோக்காரர்கள், இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகள் என்று பல தரப்பினர் வருகிறார்கள். சில வருஷங்களாக எல்லாரும் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள்: “கேபினெட் சின்னதா இருக்கணும்ணா.”

அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ரோட்டோரக் கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம். அதற்குள் பிரின்டர், லேமினேஷன் மெஷின், யுபிஎஸ், வாடிக்கையாளர் உட்கார ஒரு நாற்காலி எல்லாம் அடங்க வேண்டும். பழைய டவர் கேபினெட் மேஜைக்கடியில் போய்க் காலை இடிக்கும். வீட்டிலும் இதே கதைதான், படிக்கிற மேஜையும் சாப்பிடுகிற மேஜையும் ஒன்றாக இருக்கும் வீடுகள்தான் இங்கே அதிகம். ஆகவே யார் சின்ன கேபினெட் கேட்டாலும் நான் மறுப்பதில்லை. எது உள்ளே அடங்கும் என்று மட்டும் பார்க்காதீர்கள், எல்லாம் அடங்கிய பிறகு எவ்வளவு காலி இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். மே மாத மதியத்தில் அந்தக் கம்ப்யூட்டரை ஓட வைக்கப்போவது அந்தக் காலி இடம்தான்.

அளவுகளிலிருந்து தொடங்கலாம். மதர்போர்டுகள் மூன்று பொது அளவுகளில் வருகின்றன. இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் 305க்கு 244 மி.மீ. அதன் தம்பியான மைக்ரோ ஏடிஎக்ஸ் 1997இல் வந்தது, இருபுறமும் 244 மி.மீ. வரை. விஐஏ நிறுவனம் 2001இல் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. கேபினெட் எவ்வளவு சின்னதாகலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது இந்த அளவுதான். சாதாரண மிட் டவர் 40 லிட்டருக்கு மேல் இருக்கும். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு ஏற்கும் கச்சிதமான கேபினெட்டுகள் 25 முதல் 35 லிட்டருக்குள் கிடைக்கின்றன. மினி ஐடிஎக்ஸ் என்றால் 20 லிட்டருக்கும் கீழே இறங்கலாம். டான் ஏ4 என்கிற கேபினெட் 7.2 லிட்டரிலேயே கிராபிக்ஸ் கார்டோடு ஒரு முழுக் கம்ப்யூட்டரை அடக்கிக் காட்டியது.

லிட்டர் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. கூலர் மாஸ்டரின் என்ஆர்200 உலகம் முழுக்கப் பேசப்பட்ட சின்ன கேபினெட், 18.25 லிட்டர் என்று சொல்வார்கள். நீளம் 36, அகலம் 18.5, உயரம் 27.4 செ.மீ. என்று பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அந்தக் கணக்கு வரும். கால்களையும் துருத்திக்கொண்டிருக்கும் பாகங்களையும் சேர்த்தால் நீளம் 37.6, உயரம் 29.2. இப்போது அதே கேபினெட் 20 லிட்டரைத் தாண்டிவிடுகிறது. மேஜையிலோ அலமாரித் தட்டிலோ இடம் அளக்கிறவர் இந்த இரண்டாவது அளவைத்தான் பார்க்க வேண்டும். பின்பக்கம் கேபிள்கள் வளைந்து இறங்கவும் சூடான காற்று வெளியேறவும் ஒரு சாண் இடம் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மினி ஐடிஎக்ஸா, மைக்ரோ ஏடிஎக்ஸா என்று கேட்டால், கடைக்காரர்களுக்கு நான் சொல்வது மைக்ரோ ஏடிஎக்ஸ். மினி ஐடிஎக்ஸ் போர்டில் பெரும்பாலும் ராம் போட இரண்டு இடம், கார்டு செருக ஒரே ஓர் இடம். விலையும் கூடுதல். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இ-சேவை மையத்தில் ஒரு காலை நேரத்தில் போர்டு போய்விட்டால், மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ அன்றைக்கே தேடிப் பிடித்துவிடலாம், இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வரவழைக்கலாம். மினி ஐடிஎக்ஸ் போர்டுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பிக்க வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு பெரிய தண்டனை. விடுதிக்கும் வீட்டுக்கும் பையில் தூக்கிக்கொண்டு போகிற மாணவருக்கு விஷயம் வேறு. அவருக்கு ஒவ்வொரு லிட்டரும் ஒரு சுமை, மினி ஐடிஎக்ஸின் கூடுதல் விலைக்கு அங்கே பொருள் இருக்கிறது.

அடுத்தது, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் கொண்டது, நீளம் 140இல் தொடங்கும். எஸ்எஃப்எக்ஸ் வகை 125 அகலம், 63.5 உயரம், 100 நீளம். சின்ன கேபினெட் வாங்கும் முன் அதில் எந்த வகை பொருந்தும் என்று கட்டாயம் கேட்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் சேர்த்தே விற்கிற ஒல்லியான கேபினெட்டுகளும் உண்டு. விலை மலிவு என்பதால் பலர் அவற்றை விரும்புகிறார்கள். அவற்றில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பொது அளவில் இல்லாவிட்டால், அது போகிற நாளில் கேபினெட்டும் சேர்ந்து வீணாகும். மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் முதலில் போகிற உறுப்பு எஸ்எம்பிஎஸ்தான். எந்த ஊர்க் கடையில் கேட்டாலும் மாற்று கிடைக்கிற அளவு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பிற்காலத்துக்கு நல்லது.

ப்ராசசரின் மேல் மாட்டும் கூலரின் உயரம் பலருக்குத் தெரியாமல் போகிற அளவு. போர்டிலிருந்து பக்கக் கதவு வரை எத்தனை மி.மீ. என்பதைக் கேபினெட்டின் விவரக்குறிப்பில் போட்டிருப்பார்கள். நன்றாகக் குளிர்விக்கும் டவர் கூலர்கள் 155, 160 மி.மீ. உயரம் வரும். ஒல்லியான கேபினெட்டில் 60, 70 மி.மீ.க்கு மேல் இடம் இருக்காது. அங்கே காற்றை மேலிருந்து கீழே அடிக்கும் தட்டைக் கூலர்தான் போட முடியும். அதற்கு நேர் எதிரே துளையுள்ள கதவு இருந்தால் வெளிக்காற்றை நேராக இழுத்துக்கொள்ளும். கண்ணாடிக் கதவு இருந்து, இடையில் ஒரு விரற்கடை இடம் மட்டும் இருந்தால், தான் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கும் இதே விதி. அதன் நீளத்தைப் பார்க்கும்போது முன்னால் இருக்கும் ஃபேனின் 25 மி.மீ. கனத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். கார்டில் செருகுகிற கரண்டு கேபிள் கனமானதாக இருந்தால், செருகிய இடத்திலிருந்து 35 மி.மீ. நேராகப் போன பிறகே வளைக்க வேண்டும். கதவை அழுத்தி மூடிக் கேபிளை மடக்கினால் கனெக்டர் சூடேறி உருகக்கூடும்.

இந்த அளவுகளை எல்லாம் மனதில் வைத்துக்கொள்வது கஷ்டம். நான் செய்தித்தாளை விரித்துக் கேபினெட்டின் உட்புறத்தை அசல் அளவிலேயே ஸ்கேலால் வரைவேன். போர்டு, எஸ்எம்பிஎஸ், கார்டு, ஃபேன் ஒவ்வொன்றையும் அட்டையில் வெட்டி அதன்மேல் வைத்துப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளருக்கு எது எதோடு மோதுகிறது, எங்கே வெறுமை இருக்கிறது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். பணம் கட்டும் முன் இதைச் செய்துவிட்டால் பிறகு வருத்தம் வராது.

இனி வெயில். இணையத்தில் வருகிற மதிப்பீடுகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் சோதித்துச் சொன்னவை. நம் ஊரில் கோடையில் ஷீட் கூரை போட்ட கடைக்குள் 40 டிகிரியை நெருங்கும். காற்று எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி ப்ராசசரும் கூடும். வெளிநாட்டு அறையில் 75 டிகிரியில் ஓடுகிற கம்ப்யூட்டர் இங்கே 90ஐத் தொடும். 100 டிகிரியை ஒட்டிப் போகும்போது ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆல்பம் டிசைன் செய்கிறவர் மாலைக்குள் முடிக்க வேண்டிய வேலை ராத்திரி வரை இழுப்பது இதனால்தான்.

அதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, முன்பக்கம் முழுக்க வலைத்தகடாக உள்ள கேபினெட். நம் பழைய வீடுகளில் வாசலும் கொல்லைக் கதவும் ஒரே நேராக இருக்கும், திறந்து வைத்தால் காற்று தடையின்றி ஓடும். கேபினெட்டிலும் முன்னால் நுழையும் காற்று பின்னால் வெளியேற அப்படி ஒரு நேர்வழி வேண்டும். குறுக்கே ஹார்டு டிஸ்க் கூடும் கேபிள் மூட்டையும் நிற்கக் கூடாது. கூட்டைக் கழற்றிவிட்டு எம்.2 வகை எஸ்எஸ்டி போட்டாலே பாதி வழி திறந்துவிடும். இரண்டாவது, சூட்டைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது. இன்டெல் ஐ5-12400 ப்ராசசரின் அடிப்படைக் கணக்கு 65 வாட், அவசர வேகத்தில் அது 117 வாட் வரை இழுக்கும். பல போர்டுகளில் பயாஸுக்குள் போய் இதற்கு ஒரு வரம்பு போட்டுவிடலாம். பில் போடுகிறவருக்கும் டைப் அடிக்கிறவருக்கும் வேகத்தில் வித்தியாசமே தெரியாது, கேபினெட்டுக்குள் பெரிய வித்தியாசம் தெரியும்.

வெயிலோடு கூடப் பிறந்தது தூசி. நெடுஞ்சாலையை ஒட்டிய கடையில் நாள் முழுக்க லாரிகள் கிளப்பிவிடும் புழுதி. திருவக்கரை, வானூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் போனால் வெள்ளைத் தூள் படியும். அதனால் வடிகட்டி இல்லாத கேபினெட்டை நான் சிபாரிசு செய்வதில்லை. அந்த வடிகட்டி திருகாணி கழற்றாமல் கையால் உருவக் கூடியதாக இருக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டிய நைலான் வலை என்றால் கடைப்பையனே வாரம் ஒருமுறை தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டிவிடுவான். கழற்ற நேரமெடுக்கும் வடிகட்டியை யாரும் கழற்ற மாட்டார்கள். இழுக்கிற ஃபேன்களின் பலம் தள்ளுகிற ஃபேன்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அப்போது காற்று வடிகட்டி வழியாக மட்டுமே உள்ளே வரும், மற்ற சந்துகளில் வெளியே போகும். வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும் என்பதால், வேகமாகச் சுழலும் சின்ன ஃபேனைவிட மெதுவாகச் சுழலும் 120 மி.மீ. ஃபேன் பொருத்தம், சத்தமும் குறையும்.

பின்பக்கம் கார்டு செருகும் பட்டைத் துளைகளையும் பார்க்கச் சொல்வேன். விலை குறைந்த கேபினெட்டுகளில் அந்த மூடிகள் தகட்டோடு ஒட்டியிருக்கும், ஒருமுறை முறித்தெடுத்தால் திரும்ப மூட முடியாது. அந்தச் சந்தில் பல்லி நுழையும், கரப்பான் முட்டையிடும், எலிக்குஞ்சு கேபிளைக் கடிக்கும். போர்டின் மேல் பல்லி செத்துக் கிடந்து ஷார்ட் ஆன கம்ப்யூட்டர்கள் சர்வீசுக்கு வருவது இந்தப் பக்கத்தில் சாதாரணம். திருகாணியால் மாட்டிக் கழற்றும் மூடிகள் இருக்கிற கேபினெட்டுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.

சின்ன கேபினெட் கைக்கு அருகில், மேஜைமேல் இருக்கும். அடிக்கடி தொடுவோம். தொட்டால் சுரீரென்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பில் இரைச்சலை வடிக்கும் மின்தேக்கிகள் இரண்டு கம்பிகளிலிருந்தும் எர்த்துக்கு இணைந்திருக்கும். சுவரில் எர்த் இல்லாவிட்டால் அந்தச் சிறு கசிவு போக வழியின்றி இரும்புப் பெட்டியிலேயே நிற்கும். பெட்டியின் மேல் மின்னழுத்தம் 230இல் பாதி அளவுக்கு வந்துவிடும். இதைச் சரிசெய்ய வேண்டியது கேபினெட்டில் இல்லை, எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போட வேண்டும். புதுக் கம்ப்யூட்டர் வைக்கப்போகும் இடத்தில் மூன்றாவது துளை உண்மையிலேயே பூமிக்குப் போகிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. கடைகளுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. தரையில் நின்ற டவர்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் அடியில் இருக்கும், அவற்றில் முதலில் நனைந்தது அதுதான். அதற்குப் பிறகு கச்சிதமான கேபினெட்டைச் சிபாரிசு செய்ய எனக்கு இன்னொரு காரணம் கூடியது. நாலைந்து கிலோ எடையில், ஒரு பெண்ணோ பிள்ளையோ தனியாகத் தூக்கிப் பரணில் வைத்துவிடக்கூடிய பெட்டி இந்த மாவட்டத்துக்குத் தேவையான பொருள். சுவரில் ஒரு ஸ்டாண்டு அடித்து மேஜை உயரத்துக்கு மேலேயே நிரந்தரமாக வைத்துவிடவும் முடியும்.

இத்தனையும் சொன்ன பிறகு, கடையில் கேபினெட்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர் செய்ய வேண்டியவை சில. பக்கக் கதவைக் கழற்றி மாட்டுங்கள், ஒரே ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவரில் முடிய வேண்டும். தகட்டை விரலால் அழுத்துங்கள், தகர டப்பா போல் குழிந்தால் வேண்டாம். உள்விளிம்பைத் தடவுங்கள், மடித்துவிடாத விளிம்பு கையைக் கிழிக்கும், கடற்காற்று வரும் ஊர்களில் அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். பவர் பட்டனையும் முன்பக்க யுஎஸ்பியையும் அசைத்துப் பாருங்கள், தினமும் உழைக்கப்போவது அவைதான்.

கேபினெட்டைக் கடைசியில் மிஞ்சின காசுக்கு வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ப்ராசசரும் போர்டும் நாலைந்து வருஷத்தில் பழசாகிவிடும். அளவு பொதுவாக இருந்து, நல்ல தகட்டில் செய்த கேபினெட் இரண்டு மூன்று தலைமுறைப் போர்டுகளைத் தாங்கும். ஆகவே வரிசையை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் கம்ப்யூட்டர் இருக்கப்போகும் இடம், அடுத்து அந்த இடத்தின் சூடும் தூசியும், அதற்கேற்ற கேபினெட், அதன் பிறகே மற்றவை. சந்தையில் உள்ளதிலேயே மிகச் சின்னது நமக்கு வேண்டாம். மே மாதத்திலும் மூச்சு விடுகிற, கடைப்பையன் திறந்து துடைக்கிற, மழை வந்தால் தூக்கிவைக்க முடிகிற அளவில் சின்னது போதும்.