பாத்தியும் நிரலும்

உரும்பிராயைச் சேர்ந்த மாணவன் ஒருவன் றோபோவியல் வகுப்பொன்றிற் சேர்ந்தான். அங்கு அவன் கையில் வந்தது ஆடுயினோ என்னும் சிறு மின்பலகை. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்க்கெனத் தோன்றியது அது. அதற்குரிய மென்பொருளைத் தன் கணினியில் நிறுவினான். ஆயினும் பலகையைக் கணினி இனங்காணவில்லை. பலகையின் இணைப்புச் சில்லுக்கு வேறோர் இயக்கி மென்பொருள் வேண்டும் என்றறிய ஒருநாள் சென்றது.

மறுநாள், 13ஆம் முனையிலுள்ள விளக்கை ஒரு செக்கன் எரித்து ஒரு செக்கன் அணைக்கும் நிரலை எழுதினான். அந்நிரலில் இரு பகுதிகள் உண்டு: முதலாவது தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் நிகழ்வது; மற்றையது மின்னுள்ளவரை மீள மீள நிகழ்வது. ஏழாம் வரியிற் பிழையென்று கணினி ஆங்கிலத்தில் அறிவித்தது. அவ்வரியை எத்தனைமுறை நோக்கியும் குற்றம் தென்படவில்லை. உயர்தரம்வரை தமிழிற் கற்ற அவன் தன் ஆங்கிலக் குறைவே காரணமெனக் கருதி, வகுப்பை விட்டுவிடவும் எண்ணினான்.

மாலையில் வெங்காயத் தோட்டத்திற்குத் தண்ணீர் மாறச் சென்றபோது தந்தையிடம் தன் இடரைத் தமிழில் விளக்கினான். மண்வெட்டியை ஊன்றியவாறு அவர் கூறினார்:

“தம்பி, ஒரு பாத்தியிலை தண்ணி ஏறாட்டி அதையே பார்த்துக்கொண்டு நிக்கிறதே? முந்தின பாத்தியை வடிவா மறிச்சனியோ எண்டு பார்.”

அவன் வீட்டிற்கு விரைந்தான். ஆறாம் வரியின் ஈற்றில் அரைப்புள்ளி விடுபட்டிருந்தது. ஒரு கட்டளை முடிவுறாமையைக் கணினி அடுத்த வரியை எட்டிய பின்னரே உணர்கின்றது. ஆதலின் அவ்வரியையே சுட்டுகின்றது. அரைப்புள்ளியை இட்டதும் விளக்கு எரிந்தது, அணைந்தது, மீண்டும் எரிந்தது.

மேனாட்டு மருத்துவத்தை 1860களில் மானிப்பாயில் தமிழிற் கற்பித்தார் சாமுவேல் பிஸ்க் கிறீன். புதிய அறிவு எதுவாயினும் தாய்மொழியிற் சிந்திப்பார்க்கு எட்டும் என்பதற்கு அவர்தம் மாணவரே சான்று. நிரலின் சொற்கள் ஆங்கிலமாயிருக்கலாம். முன்பின் அறிந்து ஒழுங்குபடுத்தும் சிந்தனையோ எம்மொழிக்கும் பொது. தோட்டத்து வாய்க்காலருகே தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு வந்ததும் அதுவே.

மண்ணின் ஈரத்தை அளந்து நீரிறைக்கும் பொறியை இயக்குவதே அவன் எழுத விரும்பும் அடுத்த நிரல். எப்போது திறப்பது, எப்போது மறிப்பது என்பவற்றைத் தந்தையிடம் கேட்டுக் கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருக்கின்றான்.