செம்பூருக்குத் திரும்பி வருவார்களா?

மும்பைக்குப் போகும் தமிழர்கள் முதலில் விசாரிப்பது மாதுங்காவை. மாதுங்காவுக்குத் தங்கை ஒருத்தி உண்டென்றால் அது செம்பூர்தான். ஹார்பர் லைன் ரயிலில் குர்லாவைத் தாண்டி, திலக் நகரையும் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன். வெளியே வந்ததும் கதம்பம் தொடுக்கும் பூக்காரியும், டிகாக்ஷன் வாசனையும், "என்ன மாமி, சௌக்கியமா?" என்ற குரலும் நம்மை வரவேற்கும். இப்போது அவற்றோடு இன்னொன்றும் வரவேற்கிறது: தெருவுக்குத் தெரு உயரமான தகரத் தடுப்பு. அதன் பின்னால் 'டமார் டமார்' என்று ஒரு கட்டிடம் விழுந்துகொண்டிருக்கும்.

1947-இல் நடந்த பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளுக்கு முகாம் போட்ட இடம் இது. 1950-களில் பக்கத்து டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. அணுசக்தி நிலையமும் வந்தது. தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறிய பிள்ளைகள், ஓர் அறையில் நாலைந்து பேராகக் காலம் தள்ளி, கல்யாணமானதும் இங்கே குடித்தனம் வைத்தார்கள். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, கூட்டுறவு சொசைட்டியில் ஒரு பங்கு வாங்கி அமர்ந்த வீடுகள் அவை. மூன்று மாடி, நாலு மாடி, லிப்ட் கிடையாது. செட்டா நகர் முருகன் கோயிலில் அலுக்காமல் படியேறிய முழங்கால்கள் இன்று சொந்த வீட்டு மாடிப்படியைக் கண்டு பயப்படுகின்றன.

கட்டிடங்களுக்கும் முழங்கால் வலிதான். கடற்காற்றும் நாலு மாத மழையும் சிமெண்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துருவேறிய கம்பி பருத்து, மேற்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. காலையில் சமையலறைக்குப் போனால் மேடை மேல் கூரையின் ஒரு துண்டு கிடக்கும்! முப்பது வயதைத் தாண்டிய கட்டிடங்களை எஞ்சினீயரிடம் காட்டி உறுதிச் சான்று வாங்க வேண்டும் என்று மும்பை மாநகராட்சிச் சட்டமே சொல்கிறது. ஆகவே இடிப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. விழுகிற கூரையின் கீழே யாரும் குடியிருக்க முடியாது.

இடித்துக் கட்டப் பணம் ஏது? பதினாறு குடித்தனம் உள்ள கட்டிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மனையில் இன்னும் அதிகமாகக் கட்டச் சர்க்கார் அனுமதி தருகிறது. பில்டர் பதினாறு பேருக்கும் முன்பைவிடப் பெரிய வீடாக இலவசமாகக் கட்டித் தருகிறார். மேலே எழுப்பும் வீடுகளை விற்று லாபம் பார்க்கிறார். வேலை முடியும்வரை வெளியே தங்க வாடகையும் 'கார்ப்பஸ்' என்று ஒரு தொகையும் தருவார். கேட்பதற்குக் கற்பக விருட்சம் மாதிரிதான் இருக்கிறது.

மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு மாமியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். காப்பியை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

"லிப்ட் வரும், பெரிய ஹால் வரும், எல்லாம் சரி. எனக்கு எழுபத்தொம்பது வயசு. மூணு வருஷம், நாலு வருஷம்னு சொல்றா. அந்த நாலு வருஷம் நான் எங்கே இருப்பேன்? நீயே சொல்லு அம்மா!"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாமிக்கோ நன்றாகவே தெரிந்திருந்தது. ஒரே சமயத்தில் நாலைந்து கட்டிடங்கள் காலியானால் எல்லோரும் அதே பேட்டையில்தான் வாடகை வீடு தேடுவார்கள், வாடகை ஏறும். ஒப்பந்தம் பெரும்பாலும் பதினோரு மாதத்துக்கு. அது முடிந்தால் தரகர், அட்வான்ஸ், மூட்டை முடிச்சு எல்லாம் மறுபடியும். தனியாக இருக்கும் முதியவளுக்கு வீடு கொடுக்கத் தயங்குகிறவர்களும் உண்டு. கடைசியில் பெங்களூரில் இருக்கும் பிள்ளையிடம் போக வேண்டியதுதான். ஐம்பது வருஷம் ஒரே தெருவில் பால்காரரையும் டாக்டரையும் பஜனை கோஷ்டியையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தவள், அங்கே போய்ப் பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

திரும்பி வந்தால்? அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. லிப்டுகள், பம்புகள், அடுக்கடுக்காகக் கார் நிறுத்தும் யந்திரம் எல்லாவற்றுக்கும் மாதச் செலவு. 500 சதுர அடி வரை கார்ப்பெட் ஏரியா உள்ள வீடுகளுக்கு 2022 ஜனவரி முதல் மும்பையில் சொத்து வரி விலக்கு உண்டு. 450 அடியில் இருந்தவள் 600 அடிக்குப் போனால் அந்தச் சலுகையும் போய்விடும். பென்ஷனோ பெருகுவதில்லை. "பெரிய வீடு கிடைத்தது" என்று பூரிப்பவர்கள் இந்த வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பூரிக்கலாம்.

சட்டத்தில் பாதுகாப்பு இல்லாமலில்லை. மகாராஷ்டிர அரசு 2009-இல் போட்டு 2019 ஜூலையில் திருத்திய விதிகளின்படி, மொத்த அங்கத்தினரில் 51 சதவிகிதம் பேராவது சம்மதிக்க வேண்டும். பில்டரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குப் பதிவாளரின் அதிகாரி வர வேண்டும். கல்யாணம் மாதிரி வீடியோவும் எடுக்க வேண்டும். திட்டச் செலவில் 20 சதவிகிதத்துக்குப் பில்டர் பாங்க் காரண்டி தர வேண்டும். கூட்டத்தில் வீட்டுப் படங்களைக் காட்டும்போது எல்லோரும் குளியலறை ஓட்டின் நிறத்தைத்தான் கேட்கிறார்கள். காரண்டியைக் கேட்கிறவர்கள் குறைவு.

கோரேகாவில் பத்ரா சால் என்ற குடியிருப்பில் 672 குடும்பங்கள் இருந்தன. 2008-இல் ஒப்பந்தம் போட்டு, நம்பிக்கையோடு வீட்டைக் காலி செய்தார்கள். வேலை நடுவில் நின்றது; பத்து வருஷங்களுக்கு மேல் அலைந்தார்கள். நியாய ஸ்தலமும் பத்திரிகைகளும் பார்த்த பெரிய விவகாரம் அது. காத்திருந்தே கண் மூடியவர்களும் உண்டு.

வீட்டுப் பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஷேர் சர்டிபிகேட் யார் பெயரில் இருக்கிறது? கணவர் காலமாகி வருஷக் கணக்காகியும் பெயர் மாற்றாமல் பீரோவில் கிடக்கும் காகிதங்கள் செம்பூரில் எத்தனையோ. பெயர் யாருடையதோ, ஓட்டு அவருக்கு; வாடகைத் தொகை போவதும் அவருடைய பாங்குக் கணக்குக்குத்தான். மாமி இதில் கெட்டிக்காரி. பெயரை மாற்றி, காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். "பில்டர் முதல்ல பாங்க் காரண்டியைக் காட்டட்டும், அப்புறம்தான் என் கையெழுத்து" என்று செக்ரட்டரியிடம் சொல்லியும் அனுப்பிவிட்டாள்.

பங்கு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாதவர்களும் அந்தக் கட்டிடத்தில் இருக்கிறார்கள். இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் ஆசிரியைக்குக் கார்ப்பஸும் கிடையாது, புது வீடும் கிடையாது. நோட்டீஸ் வந்தால் புறப்பட வேண்டியதுதான். மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டு இருபது வருஷமாக இஸ்திரி போடுகிறவரும் அப்படியே. எந்த வீட்டுச் சட்டைக்குக் கஞ்சி வேண்டும், எந்தப் பட்டுப்புடவைக்குச் சூடு ஆகாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் படியிறங்கும்போது அவர் கேட்டார்: "புதுக் கட்டிடத்தில் மாடிப்படிக்கு அடியில் இடம் விடுவார்களா?"