கடைசி நாட்களின் கணக்கு

செத்தவீட்டுக்கு வருபவர்கள் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்கும் கேள்வி, "எங்கை வைச்சுப் பார்த்தனீங்கள்?" என்பதுதான். கொழும்பு என்றால் தலையை ஆட்டுவார்கள். தனியார் வைத்தியசாலை என்றால் இன்னும் திருப்தி. வீட்டில்தான் வைத்திருந்தோம் என்றால் ஒரு சின்ன மௌனம் வரும். அந்த மௌனத்துக்குப் பயந்து காணியை ஈடு வைத்தவர்களையும் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களையும் எனக்குத் தெரியும். செலவு கூடினால்தான் அன்பு கூட என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிக் கிடக்கிறது. சாகும் காலத்துப் பராமரிப்பின் தரத்தையும் செலவையும் ஆராய்ந்தவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். அதை நான் அறிந்தது அம்மா போன பிறகு.

2017இல் அம்மாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஈரலுக்கும் பரவியிருந்தது. கனடாவில் இருக்கும் அண்ணா அன்றிரவே தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, காசைப் பற்றி யோசியாதை. கொழும்புக்குக் கொண்டு போ." கிளிநொச்சியில் இருந்து வான் பிடித்துப் போனோம். அங்கே ஒரு தனியார் வைத்தியசாலையில் எட்டு நாட்கள். அதில் மூன்று நாட்கள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில். மூக்கால் குழாய், கையில் சேலைன், இரண்டு தடவை ஸ்கான். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டுமே எங்களுக்கு அனுமதி. அம்மாவுக்குச் சிங்களமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எங்கே நோகிறது என்று அவரிடம் கேட்க அங்கே ஆளில்லை. இந்தச் சிகிச்சையால் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லவும் யாரும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தவறாமல் வந்தது பில் ஒன்றுதான்.

எட்டாம் நாள் இரவுக் கடமையில் இருந்த ஒரு தமிழ் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அக்கா, இஞ்சை செய்யிறதுகளாலை நோய் மாறாது. நோவைக் குறைக்கலாம். அதைத் தெல்லிப்பழையிலும் செய்வினம்" என்றார். இவ்வளவுதான். இரண்டு நிமிடப் பேச்சு. அந்த எட்டு நாட்களில் எங்களுக்குக் கிடைத்ததில் மிகப் பெறுமதியானது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குப் பில் இல்லை.

அண்ணாவுக்குக் கோபம். "ஏன் அவசரப்படுறாய்? காசு நான் அனுப்புறன்தானே."

"காசில்லை அண்ணா பிரச்சினை. அம்மா வீட்டை வரக் கேக்கிறா."

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த பணத்தில் எழுந்தது. அங்கே மோர்பின் தந்தார்கள். இலவசமாக. அம்மா அதைக் குடிக்க மறுத்தார். "அது குடுத்தால் சீவன் போயிடுமாம் பிள்ளை." அங்கிருந்த தாதி பொறுமையாக விளங்கப்படுத்தினார். சிறு அளவில் தொடங்கி நோவுக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டு போவார்களாம். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நோவு வரும்வரை காத்திராமல் கொடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் நித்திரை தூக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், ஆனபடியால் அதற்கான மருந்தை முதல் நாளே தொடங்க வேண்டும். அளவறிந்து கொடுத்தால் உயிரைக் குறுக்காது. மூன்றாம் நாள் அம்மா எழும்பி இருந்து முற்றத்தைப் பார்த்தார். பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

மோர்பின் குப்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு 2009 ஞாபகம் வரும். முள்ளிவாய்க்காலில் என் கணவர் ஷெல் காயத்தோடு இரண்டு இரவு கிடந்தார். நோவுக்குக் கொடுக்க ஒரு குளிசையும் இருக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இதை வாசிக்கும் உங்களிலும் பலர் இருப்பீர்கள். அதற்குமேல் நான் எழுதத் தேவையில்லை.

அண்ணாவுக்குக் கணக்குக் காட்டுவதற்காக எல்லாவற்றையும் ஒரு சிஆர் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். கொழும்பில் எட்டு நாட்களுக்கு, வானோடு சேர்த்து, 5 லட்சத்து 16 ஆயிரம் ரூபா. வீட்டில் 41 நாட்களுக்கு, தெல்லிப்பழைக்குப் போய்வந்த ஓட்டோ, பம்பேர்ஸ், பால்மா எல்லாம் சேர்த்து, 38 ஆயிரம். மருந்துக்கு நேரே சைபர்.

தாதியர் பயிற்சி முடித்த என் பெறாமகள் ஒரு நாள் இந்தக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "சித்தி, இதைத்தான் அமெரிக்காவிலை ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கினம்" என்றாள். பிறகு ஒவ்வொன்றாக எனக்குத் தமிழில் சொன்னாள்.

முற்றிய புற்றுநோயாளர் 600க்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. இனி என்ன நடக்கும், உங்களுக்கு என்ன விருப்பம் என்று வைத்தியர் பேசியிருந்த நோயாளருக்குக் கடைசி வாரத்தில் சராசரியாக 1,876 டொலர் செலவானது. அப்படிப் பேசப்படாதவர்களுக்கு 2,917 டொலர். கூடச் செலவானவர்கள் கூட நாள் வாழவில்லை. கடைசி வாரத்தில் அவர்கள் பட்ட வேதனைதான் கூட. அந்த இரவுக் கடமை டொக்டரின் இரண்டு நிமிடங்களை நான் நினைத்துக்கொண்டேன். 2010இல் பொஸ்டனில் இருந்து இன்னொன்று வந்தது. நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரில் ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையோடு நோவு தணிக்கும் பராமரிப்பையும் ஆரம்பத்திலேயே கொடுத்தார்கள். அவர்கள் இருந்த காலம் 11.6 மாதம். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். நோவு தணிக்கும் பராமரிப்பையும் பெற்றவர்களில் கடைசிநேரக் கடுஞ்சிகிச்சைக்குப் போனவர்களும் குறைவு. நோவைத் தணிப்பது என்றால் கைவிடுவது என்று நினைக்கும் எங்களுக்கு இது பெரிய செய்தி.

நோயாளியை விட்டுப் பார்ப்பவரையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கடைசியில் கடுஞ்சிகிச்சைக்கு ஆளானவர்களின் குடும்பத்தினர் சாவுக்குப் பிறகு மனச்சோர்வில் விழுவது கூடுதலாம். பெறாமகள் இதைச் சொன்னபோது கட்டியிருந்த அந்தக் கைகள்தான் என் கண்ணுக்குள் வந்தன.

ஆனால் ஒரு விடயத்தில் நான் அந்த ஆய்வாளர்களோடு வழக்காடுவேன். 2009 ஆய்வின் கணக்கில் இருப்பது வைத்தியச் செலவு மட்டும். கட்டில், கருவி, மருந்து. பார்த்தவளின் நாட்கள் அதில் இல்லை. என் கொப்பியிலும் அதை நான் எழுதவில்லை. 41 நாட்கள் தையல் மெஷினைத் தொடவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் காலம் அது, 30 ஆயிரமாவது போயிருக்கும். இரவில் இரண்டு தடவை எழும்பிப் புரட்டிப் படுக்க வைத்தது, துணி தோய்த்தது, என் நாரி பிடித்தது எல்லாம் எந்தக் கணக்கில் வரும்? வீட்டுப் பராமரிப்பு மலிவு என்று யாராவது சொன்னால், யாருக்கு மலிவு என்று கேட்க வேண்டும். கூலியில்லாமல் ஒரு பெண் அங்கே நிற்பதால்தான் அது மலிவு. போரில் உழைப்பாளியை இழந்த வீடுகளில் அந்தப் பெண்ணே உழைப்பாளியும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் சில வைத்தியர்கள் தொடங்கிய வேலை ஊர்த் தொண்டர்களின் கைக்கு வந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையானது. அங்கே ஊராட்சியின் செலவில் ஒரு தாதி வீடு தேடி வருகிறார். புண் கழுவுகிறார், மருந்தைச் சரிபார்க்கிறார். அயலவர் கொஞ்ச நேரம் கூட இருந்து பார்ப்பவளை ஓய விடுகிறார்கள். எங்கள் சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரைக்கு ஒரு தேசியத் திட்டவரைபு எழுதியது. எழுதியது நல்லது. என் ஒழுங்கையில் வீட்டுக்கு வந்த தாதியை நான் இன்னும் காணவில்லை.

மோர்பினைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது பழைய மருந்து, காப்புரிமை இல்லாதது, மலிவானது. ஆனாலும் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2017இல் சொன்னபடி, உலகில் பகிரப்படும் 298.5 தொன் மோர்பின் வகை மருந்தில் மிக வறிய நாடுகளுக்குப் போவது 0.1 தொன். எங்களுக்கு அரசாங்க வைத்தியசாலையில் அது கிடைக்கிறது. கிடைப்பதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் நோவோடு போகிறவர்கள்தான் எங்கள் ஊரில் கூட.

போன கிழமை எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டு அக்கா வந்திருந்தார். அவரின் மாமிக்கு இதே வருத்தம். வெளிநாட்டில் ஆருமில்லை. இருக்கிற கால் ஏக்கரை விற்றுக் கொழும்புக்குப் போவதா என்று கேட்டார். போகாதே என்று சொல்ல நான் ஆளில்லை. டொக்டரிடம் கேட்க ஒரு கேள்வியை மட்டும் துண்டில் எழுதிக் கொடுத்தேன்: "இந்தச் சிகிச்சை மாமியின் நாளைக் கூட்டுமா, அல்லது நோவைக் குறைக்குமா? இரண்டும் இல்லையென்றால் ஏன் செய்கிறோம்?" புதன்கிழமை கிளினிக். நானும் கூடப் போகிறேன். அவரின் சின்னவளை அன்றைக்கு என் மகள் பார்த்துக்கொள்வாள்.